செட்டுக்காரர் ஏறிய மேடை

மூன்றாவது படியில் கால் வைத்ததுமே மூட்டு வலித்தது.

பதினாறு நாளாக ஓட்டுக் கேட்டு நடந்த கால். அவர் ஏறி இறங்காத வாசல் இந்தத் தொகுதியில் இல்லை. ஆனால் இது எதிராளியின் மேடை.

"அண்ணாச்சி, செத்த வாங்க. மைக்கு ஊளையிடுது. எல்லாம் என்னை அடிக்க வாரானுவ" என்று ஆவுடையப்பன் போனில் அழாத குறையாகச் சொல்லியிருந்தான்.

ஆவுடையப்பன் சங்கத்து ஆள்; இந்த மேடைக்குச் செட் போட்டிருப்பவன். மைக் செட் போடுகிறவர்கள், லைட் கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் ஊரில் ஒரே சங்கம். பத்தொன்பது வருடமாக அவர்தான் தலைவர். போகாமல் எப்படி இருப்பது?

மணி நாலே முக்கால். ஐந்தோடு பிரச்சாரம் முடிகிறது. அதற்குப் பிறகு யாரும் மைக்கைத் தொடக் கூடாது.

மாசானத்தின் தெருவில் அவர் பேச்சுக்காக நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

போன வருடம் இதே கட்சிக் கூட்டத்துக்கு டியூப் லைட் கட்டும்போது ஷாக் அடித்துச் செத்தவன் மாசானம். கட்சியிலிருந்து ஒரு மாலைகூட வரவில்லை. ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் அவர் சுயேச்சையாக மனுப் போட்டார். மைக் செட்டுக்காரருக்கு இஸ்திரிப் பெட்டியைச் சின்னமாகக் கொடுத்தார்கள்.

சரி, அதாவது கிடைத்ததே.

ஸ்பீக்கர் பெட்டி மைக்கையே பார்த்து நின்றது; ஊளையிடாமல் என்ன செய்யும்? திருப்பி வைத்தார். விட்டுப்போன ஒயரை முறுக்கினார்.

"ஹலோ. ஒன். டூ."

மைதானம் அடங்கியது. ஆயிரம் முகங்கள் அவரைப் பார்த்தன. பதினாறு நாளில் இப்படி ஒரு கூட்டம் அவருக்கு வாய்க்கவில்லை.

மாசானம் என்கிற பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அடுத்தவர் மைக்கில் செட்டுக்காரன் ஒன், டூவுக்கு மேல் பேசுவதில்லை. எல்லோருக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

மைக்கை வைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயர் பக்கம் குனிந்தார்.

தோளில் என்னவோ விழுந்தது. கட்சித் துண்டு.

இரண்டு கையிலும் ஒயர். எடுத்துப் போட முடியவில்லை. நாலைந்து செல்போன்கள் அவரை நோக்கி நீண்டன.

"சுயேச்சையாகக் களம் கண்ட உழைப்பாளர் தலைவர், என் அருமை அண்ணன், இதோ, நம்மோடு இணைந்துவிட்டார்" என்றார் மைக்கைப் பிடித்த கட்சி வேட்பாளர்.

விசில் பறந்தது.

மேடை ஏறியவனெல்லாம் கட்சியில் சேர்ந்தவன். இத்தனை வருடம் மேடை மேடையாகச் செட் போட்டும் அது தன் புத்திக்கு எட்டவில்லையே. கோபம் வரவேண்டிய இடத்தில் அலுப்புதான் வந்தது.

இன்னும் ஐந்து நிமிடம். மாசானத்தின் தெருவுக்கு ஓடினாலும் பத்து நிமிடம் ஆகும். இந்தச் செட்டின் ஹாரன் ஸ்பீக்கர் அந்தத் தெருமுக்குவரை கட்டியிருக்கிறது. நாற்பது பேரும் கேட்டிருப்பார்கள். மாசானத்தின் மனைவியும் கேட்டிருப்பாள்.

ஆவுடையப்பன் அருகில் வந்து குனிந்தான். விரல் சுவிட்சின் மேல் இருந்தது.

"ஆஃப் பண்ணிரட்டா அண்ணாச்சி?"

மேடையைச் சுற்றிலும் துண்டு போட்ட ஆட்கள்.

"வேண்டாம்ல. ஒன்னக் கொன்னுருவானுவ."

வேட்பாளர் அதையே இரண்டாம் முறை சொல்ல ஆரம்பித்தார். ஸ்பீக்கரில் குரல் லேசாகக் கரகரத்தது.

செட்டுக்காரரின் கை தானாகப் போய் ஆம்ப்ளிஃபயர் குமிழைத் திருகி அதைச் சரிசெய்தது.