எர்த் ஒயர்

"பாடுற புள்ளைக்கு ஷாக் அடிக்கிற மாதிரியா மிக்சர் பண்ணிக் குடுப்ப? நீயெல்லாம் இன்னாய்யா மெக்கானிக்கு?"

உத்திரமேரூர் பஜாரில் வேதகிரியின் சவுண்ட் சர்வீஸ் கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கல்பனா பிடித்துக்கொண்டாள். பின்னே, பெற்ற வயிறு பற்றி எரியாதா! நேற்று அவர்கள் ஊரான பெருநகரில், சர்ச்சில் பாட்டுப் பழகும்போது மகள் அபிநயா மைக்கைத் தொட்டாள். தூக்கிப் போட்டுவிட்டது. நாளைக்கு அங்கே அறுப்புப் பண்டிகை. முதல்முதலாகத் தனியாகப் பாட வேண்டிய பிள்ளை, மைக் என்றாலே இப்போது அலறுகிறாள். கடைக்குக் கூட வந்தவள் மேசைப் பக்கமே வராமல் தள்ளி நின்றாள்.

கணவன் ஏசுதாஸ், மைக் ஒயரைச் சொருகும் மிக்சர் பெட்டியை மேசைமேல் வைத்தான். வைத்துவிட்டு மகளிடம் போய் நின்றுகொண்டான். சரியான ஊமைக்கோட்டான் என்று கல்பனாவுக்கு அவன்மேலும் எரிச்சல்.

வேதகிரி மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். நிமிர்ந்து, கல்பனாவுக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார்.

"என் தப்புதாம்மா. எர்த் ஒயரை நான்தான் சரியா மாட்டாம வுட்டுட்டேன். பெட்டியில கரண்ட் பாஞ்சா அதான் தரைக்கு இழுத்துக்கினு போவும்."

"கேட்டுக்கோங்க, அவரு வாயாலயே ஒத்துக்கினாரு! எம்பொண்ணு உசுரு போயிருந்தா யாருய்யா பொறுப்பு?"

கோயிலுக்கு மிக்சர் செய்யச் சொல்லி வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்தவர், "அப்பறமா வரேம்பா" என்று நழுவினார். நல்லா வேணும் என்றிருந்தது கல்பனாவுக்கு.

தோல் உரிந்து பெட்டியில் பட்டுக்கொண்டிருந்த கரண்ட் ஒயரை வேதகிரி மாற்றினார். பவர் சப்ளையில் பிளஸ்ஸுக்கும் மைனஸ்ஸுக்கும் நடுவில் வரும் ஜீரோ ஒயரைப் பெட்டியிலிருந்து பிரித்து, இரைச்சல் கிளம்பாமலிருக்க ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாகச் சேர்த்தார். எர்த் ஒயரைப் பெட்டியோடு இறுக்கி முடுக்கினார். மைக்கைத் தானே பிடித்து "ஹலோ, ஹலோ" சொல்லிப் பார்த்துவிட்டு அபிநயாவிடம் நீட்டினார்.

"புடி கண்ணு. நானும் தொட்டுக்கினுதான் கீறேன் பாரு."

பயந்து பயந்து தொட்டாள். மெல்ல ஒரு வரி பாடினாள். துளி இரைச்சல் இல்லை.

"இனிமே இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டுத்தான் கல்பனா படியிறங்கினாள்.

பஸ் ஸ்டாண்டில் அபிநயா தண்ணீர் பாட்டில் வாங்கப் போன நேரம். ஏசுதாஸுக்குக் கண் கலங்கியிருந்தது.

"அவரு சரியாத்தான் மாட்டியிருந்தாரு கல்பனா. ஆம்ப்ளிஃபயர்ல சேத்தா கொர்ருனு இரைஞ்சுக்கினே இருந்துச்சி. எர்த் ஒயரை வெட்டுனா நின்னுடும்னு எவனோ சொன்னான். வெட்டி, டேப்பு சுத்தி வெச்சது நான்தான்."

"அடப்பாவி! அத அவரு பாக்கலியா?"

"பாத்தாரு. டேப்பைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. அப்பறம், என் கையைக் கெட்டியா புடிச்சிக்கினு நின்ன நம்ம பொண்ணைப் பாத்தாரு."