புறா மூக்கு

“என் பொண்ணு நடக்க ஆரம்பிச்சதும் அவளே வந்து தொட்டிலை எடுத்துக்கட்டும், மேஸ்திரி. எனக்கு நடந்து நடந்து கால் தேஞ்சு போச்சு.”

மேஸ்திரி ரம்ப மெஷினை நிறுத்தாமலே சத்தமாகச் சொன்னார்: “கோவிச்சுக்காதீங்க தம்பி. தொட்டில் முடிஞ்ச மாதிரிதான். மூக்கு ஒண்ணுதான் பாக்கி.”

மூக்கு என்றால் புறாவின் மூக்கு. அவன் மனைவி பிறந்த வீட்டை இடித்தபோது, ஜன்னலுக்கு மேலே இருந்த பழைய பலகையை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு புறாக்கள் செதுக்கிய பலகை. குழந்தையின் தொட்டிலுக்கு அதுதான் தலைப்பக்கம் என்று சொல்லிவிட்டாள். ஒரு புறாவுக்கு மூக்கு உடைந்திருந்தது. மேஸ்திரி புது மரத்தில் செதுக்கி ஒட்டினார். மூக்கு ஒட்டியது, நிறம் ஒட்டவில்லை.

குழந்தை இன்னும் துணிக்கூடையில்தான் தூங்குகிறது. ‘ஒரு தொட்டில் கொண்டுவர வழியில்ல, இவர் அப்பாவாம்’ என்று மனைவி காலையில் சொன்னாள். அவனிடம் அல்ல, கூடையிடம். இன்றைக்கும் வெறுங்கையோடு போனால் கூடையும் அவனோடு பேசாது.

“உள்ள பாலிஷ் போடுற அம்மாகிட்ட கேளுங்க, மூக்கு நிறம் சேந்துச்சான்னு. இந்தச் சத்தத்துல நான் கத்துனா கேக்காது.”

அவன் உள் அறைக்குப் போனான். பாலிஷ்காரம்மா துணியை அரக்கில் தோய்த்துக்கொண்டிருந்தார். தொட்டில் மூலையில் போர்வைக்கு அடியில் இருந்தது.

“சேரலன்னு சொல்லுங்க. தப்பு என் மேல இல்லன்னும் சொல்லுங்க. நேத்து வந்த மரத்தைப் பழைய மரத்தோட ஒட்டினா முறைச்சுக்கத்தான் செய்யும்.”

அவன் வெளியே வந்து சொன்னான்.

“மரம் முறைக்கல, சாயம்தான் அதிகம்” என்றார் மேஸ்திரி. “உப்போ சாயமோ, அந்தம்மாவுக்கு எதுலயும் ஒரு கை தூக்கல்தான். சொல்லுங்க.”

உள்ளே போய்ச் சொன்னான்.

“கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டுப் பாத்தா எல்லாம் தூக்கலாத்தான் தெரியும். சொல்லுங்க.”

வெளியே வந்தான். கண்ணாடி நெற்றியில்தான் இருந்தது. மேஸ்திரி அதை இறக்கி மூக்கில் வைத்துக்கொண்டார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது போலிருந்தது.

அப்போது மின்சாரம் போயிற்று. மெஷின் முனகிக்கொண்டே அடங்கியது. மரத்தூள் தரையில் இறங்கும் சத்தம்கூடக் கேட்கும் போலிருந்தது. உள்ளே துணி மரத்தில் தேய்வது மட்டும் கேட்டது.

மேஸ்திரி குரலைத் தாழ்த்தினார். “இருட்டுல தேய்க்க வேணாம், கண்ணு வலிக்கும்னு அந்தம்மாகிட்ட சொல்லுங்க தம்பி.”

“இப்பதான் மெஷின் ஓடலையே. நீங்களே சொல்லலாமே.”

மேஸ்திரி பென்சிலைத் தேட ஆரம்பித்தார். பென்சில் அவர் காதில் இருந்தது.

அவனுக்குப் பொறுமை போய்விட்டது. விறுவிறுவென்று உள்ளே போய்ப் போர்வையை விலக்கினான். ஜன்னல் வெளிச்சத்தில் தொட்டில் பளபளத்தது. குனிந்து இரண்டு புறாக்களையும் பார்த்தான். விரலால் தடவியும் பார்த்தான். எந்தப் புறாவுக்கு ஒட்டு மூக்கு என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“நிறம் சேந்திருக்கே. இது எப்ப முடிஞ்சுது?”

பாலிஷ்காரம்மா கையிலிருந்த துணியை மடித்தார். பிரித்தார். மறுபடியும் மடித்தார்.

“முடிஞ்சு ரொம்ப நாளாச்சு தம்பி. இந்த மூக்குல ஆரம்பிச்ச சண்டையில எங்க வீட்டுக்காரர் என்கூடப் பேசறதை விட்டுட்டார். வெளிய இருக்காரே, அவர்தான். நானும் விட்டுட்டேன். நீங்க வந்து நின்னாத்தான் எங்களுக்குள்ள ரெண்டு வார்த்தை ஓடுது.”

வெளியே மேஸ்திரி தொண்டையைச் செருமினார்.

“தம்பி, பொண்ணு நடக்க ஆரம்பிக்கும்னு சொன்னீங்களே, நடைவண்டிக்கு என்ன நிறம் போடலாம்னு உள்ள கேளுங்க.”