காளிச்சாமியின் கைப்பிடி

“அது எங்கப்பாவோட கைங்க. அதுல போயி பிளேடு போட்டுறாதீங்க.”

தனபால் சொன்ன வேகத்தில் சைக்கிள் கடை ஜாவித் பிளேடைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தான். துடியலூரில் கடை போட்ட நாளிலிருந்து எத்தனையோ ஹேண்டில் கிரிப்பைக் கீறிக் குப்பையில் எறிந்திருப்பான். கறுப்பு ரப்பரைக் கை என்று சொல்லி யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

“நல்லாக் குனிஞ்சு பாருங்க,” என்றான் தனபால். இடது பக்கத்து ரப்பரில் நான்கு விரல் பதிந்த பள்ளங்கள், பிசைந்த மாவில் அழுத்தியது போல இருந்தன.

ஜாவித் பெருமூச்சு விட்டான். “சரிங்ணா. கீறாம எடுக்கப் பாக்கறேன்.”

காளிச்சாமியின் அஸ்திக் கலயம் வீட்டு வேப்பமரக் கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் விடியலில் அதை முதுகில் கட்டிக்கொண்டு, கொடுமுடி வரைக்கும் சைக்கிளிலேயே போய்க் காவிரியில் கரைப்பதாகச் சுடுகாட்டில் சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் மகன் சொல்லியாயிற்று. அப்பாவின் சைக்கிள் தெருமுனை கூடத் தாண்டாது. ரிம் இற்றுப் போயிருந்தது. ஆகவே புதுக் கியர் சைக்கிள் ஒன்று வாங்கி, அப்பாவின் கைப்பிடியை மட்டுமாவது அதில் மாட்டிக்கொள்ள வந்திருந்தான்.

கல்லூரியை விட்ட பிறகு தனபால் சைக்கிளைத் தொட்டதில்லை. “காருல கொண்டு போய்க் கரைச்சா மாமா வேண்டாம்னா சொல்லப் போறாரு?” என்று கேட்டாள் அவன் மனைவி பூஜிதா. “நீங்க பெருந்துறை தாண்டறதுக்குள்ள கலயம் ரெண்டாயிருமுங்க.”

ஆனால் அவன் கேட்டு வளர்ந்த கதை அப்படி. கல்யாணம் முடிந்து மறுவிருந்துக்குக் கொடுமுடி போன இடத்தில் அப்பாவுக்கு அவர் மாமனார் புதுச் சைக்கிளைச் சீராகக் கொடுத்தார். மாமனார் ஆசையாகக் கொடுத்ததை லாரியில் ஏற்றி அனுப்பினால் மரியாதையா? புதுப்பெண் பாப்பாயியை பஸ்ஸில் அனுப்பிவிட்டு, அந்தச் சைக்கிளோடே துடியலூர் வந்து சேர்ந்தார் காளிச்சாமி. நூறு கிலோமீட்டருக்கு மேல். அதன் பிறகு வாழைத்தார் வியாபாரம். கேரியரில் இரண்டு தார் இல்லாமல் அப்பாவைத் தெருவில் பார்த்ததாகவே தனபாலுக்கு ஞாபகமில்லை.

கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பாப்பாயி மெல்லக் கூப்பிட்டாள். “கண்ணு, நா ஒன்னு சொல்லோணும்.”

“அழுகாத அம்மா. அப்பா மேல இருந்து பாத்துட்டுத்தான் இருக்காரு.”

“நா எங்க கண்ணு அழுகறேன்?”

ஜாவித் வெந்நீரில் நனைத்த துணியை ரப்பரின் மேல் சுற்றி ஊற வைத்தான். முனை மழுங்கிய ஸ்போக்ஸ் கம்பி ஒன்றை உள்ளே நுழைத்து, இடுக்கில் சோப்புத் தண்ணீர் விட்டு, காற்றடிக்கும் குழாயை வைத்தான். ரப்பர் தவளை போல உப்பியது. தனபால் மூச்சைப் பிடித்துக்கொண்டான். கிழிந்தால் எல்லாம் போச்சு.

பொளக்கென்று கழன்று வந்ததைத் துண்டை விரித்து வாங்கிக்கொண்டான். காற்றடிக்க வந்த பெரியவர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு, பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வலது பக்கமும் வந்தது. ஜாவித் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ஏனுங்ணா, இது கொஞ்சங்கூடத் தேயலீங்களே. பின்னாடி மாத்துனீங்களா?”

“இல்லீங்க. ரெண்டும் சீரு வந்தப்ப இருந்ததுதான். வலது கை எங்கீங்க ஹேண்டில்ல இருந்துச்சு? எதுக்க வாறவங்களுக்கெல்லாம் வணக்கம் போட்டுட்டே போயிருப்பாருங்க.”

“அந்த மாதிரி மனுசங்க இப்ப எங்கீங்ணா இருக்காங்க,” என்றான் ஜாவித்.

“கண்ணு, அந்த வலது கை வந்து...” என்று ஆரம்பித்தாள் பாப்பாயி.

“தெரியும்மா. ராசியான கை. யாரு இல்லைன்னா?”

பக்கத்து சலூனிலிருந்து ஹேர் ஸ்ப்ரே வந்தது. புது ஹேண்டிலில் அதை அடித்து, ஈரம் காய்வதற்குள் ஜாவித் இரண்டையும் முறுக்கி ஏற்றினான். “காஞ்சுட்டா யாரு தலைகீழா நின்னாலும் அசையாதுங்ணா. கொஞ்ச நேரம் பொறுத்து ஏறிப் பாருங்க.”

காய்ந்ததும் ஜாவித் பின்னால் பிடித்துக்கொள்ள, தனபால் தொப்பையை அடக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். இடது கையின் நான்கு விரலும் நான்கு பள்ளத்தில் போய் அமர்ந்தன. கொள்ளி வைத்தபோது வராத அழுகை அப்போது வந்தது.

“அப்பா,” என்றான், கடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி. “கொடுமுடியில இருந்து இந்தக் கைப்பிடியப் புடிச்சு நீங்க எப்படி வந்தீங்களோ, அதே மாதிரிதான் உங்களக் கொண்டுட்டுப் போவேன். அதுல ஒரு மயிரிழை மாறுனாலும் நா உங்க பையன் இல்லை.”

ஜாவித் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பெரியவர் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். பாப்பாயி ஸ்டூலை விட்டு எழுந்து வந்து மகனின் தோளைத் தொட்டாள்.

“அப்படீன்னா எறங்கித் தள்ளு கண்ணு. உங்கப்பாவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.”