குயில் நடத்திய கூடு கட்டும் பயிற்சி

காக்கை மாடத்தி போன வருஷம் கட்டிய கூடு, முதல் காற்றுக்கே முட்டையோடு கீழே வந்துவிட்டது. இந்தத் தடவையாவது ஒரு குஞ்சைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று, சொந்தக் காலில் நிற்க ஆசைப்படும் இளம் பறவைகளுக்காகக் குயில் மதுரம் நடத்திய ஏழு நாள் தீவிரப் பயிற்சியில் போய்ச் சேர்ந்தாள்.

இரை தேடக்கூட எழுந்திருக்க விடாமல் மதுரம் பாடம் நடத்தினாள். குச்சியை எப்படிப் பின்னுவது, கம்பியை எங்கே செருகுவது, நடுவில் எவ்வளவு குழி விடுவது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

“அக்கா, உங்க கூட்டை ஒரு தடவை வந்து பார்க்கட்டுமா?” என்று மாடத்தி கேட்டாள்.

“எனக்கு ஊருக்கு நாலு கூடு இருக்கு தாயி. எதைன்னு காட்டுறது?”

மாடத்தியின் புருஷன் இசக்கிக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. “அந்தம்மா ஒரு குச்சியைத் தூக்கி நான் பார்த்ததில்லையே” என்றான்.

“சொல்லிக் கொடுக்கிறவங்க எதுக்குய்யா தூக்கணும்? நீ தூக்கு” என்று அவனை வேலைக்கு விரட்டினாள்.

கூடு கெட்டியாகவே அமைந்தது. மாடத்தி நாலு முட்டையும் இட்டுவிட்டாள். மறுநாளே மதுரம் சோதனைக்கு வந்து நின்றாள்.

“உள்ளே உட்கார்ந்து பார்த்தாத்தான் உறுதி தெரியும். நீங்க ரெண்டு பேரும் ஒரு சுத்து போயிட்டு வாங்க.”

போய்த் திரும்பியபோது, “முதல் தரமான கூடு. நல்லா அடைகாத்துக்கோ” என்று வாயாரப் பாராட்டிவிட்டு மதுரம் பறந்துபோனாள்.

மாடத்தி எட்டிப் பார்த்தாள். ஒன்றுக்கு இரண்டு முறை எண்ணினாள். பிறகு புருஷன் பக்கம் பெருமையாகத் திரும்பினாள்.

“நாலு வச்ச இடத்துல அஞ்சு இருக்கு. பயிற்சிக்குப் போகாதவளுக்கு இப்படிப் பெருகுமாய்யா?”