கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

மாலை ஐந்து மணிக்குக் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் திரையை நர்ஸ் விலக்கினார். பொங்கலூரிலிருந்து வந்திருந்த சாரதாமணி, கண்ணாடி வழியாக மகளைப் பார்த்தாள். பக்கத்தில் ரோஸ்மேரி நின்றாள். கழுத்தில் பனியன் கம்பெனி அடையாள அட்டை.

"பயப்படாதீங்கக்கா. நாளைக்கு உங்க பிள்ளைய வார்டுக்கு மாத்திருவாங்க."

"டாக்டராட்டமே சொல்றீங்க!"

"இங்கயே நின்னா தெரிஞ்சிரும். வார்டுக்குப் போயும் இங்கயே திரும்பி வரப்போற பிள்ளையும் தெரியும். மூச்சு விடையில நெஞ்சுக்குழி உள்ள இழுக்கும்."

"உங்க கொழந்தை எந்தக் கட்டலுங்க?"

"அந்தக் கடைசிக் கட்டில்."

அதில் யாரும் இல்லை. விரிப்பை மாற்றியிருந்தார்கள். சாரதாமணி சட்டென்று ரோஸ்மேரியின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"ஐயோ, அப்படியில்லக்கா! நேத்தே வார்டுக்குப் போயிட்டான்."

"அப்பறம் இங்க ஏனுங்க நிக்கறீங்க?"

"வார்டுல அவங்க அப்பா வீட்டு ஆளுங்க இருக்காங்க. விவாகரத்து ஆனதுல இருந்து பிள்ளைய என் கண்ணுல காட்ட மாட்டாங்க. இங்கன்னா யாரும் கூட இருக்க முடியாது. எல்லாரும் கண்ணாடி வழியாத்தான் பாக்கணும். அஞ்சு மணிக்கு நானும் பாத்துக்குவேன்."

ரோஸ்மேரி மறுபடி அந்தக் கடைசிக் கட்டிலைப் பார்த்தாள்.

"வார்டுக்குப் போகையிலயும் அவனுக்கு லேசா இழுத்துச்சு. திரும்ப வரலாம்னு டாக்டரே சொன்னாரு. அந்தக் கட்டில இன்னும் யாருக்கும் குடுக்கல, பாத்தீங்களா?"

சாரதாமணி பிடித்திருந்த கையை விட்டாள்.

"ஏனுங்க, அவன் திரும்பி வரோணும்னா வேண்டிக்கறீங்க?"