மாப்பிள்ளை கொண்டுவந்த மூட்டை

கேள்வி ரதிதேவியை நோக்கி வந்துகொண்டிருந்தது. நடுவில் மூன்று கதிரைகள்தான் பாக்கி.

பக்கத்தில் இருந்த அவள் கணவன் யசீகரன், கையிலிருந்த பற்றிஸைத் தின்னவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஒக்லண்ட் நகரத்து மவுண்ட் ரோஸ்கில் வாசகர் வட்டத்தில் பொதுவாக இவ்வளவு ஆபத்துக் கிடையாது. மாதத்தில் ஒரு ஞாயிறு, தேவாலயத்தின் பின்மண்டபம், ஒரு கதை, ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி. ஒருவர் கதையைச் சொல்வார். வாசிக்காமல் வந்த மற்றவர்கள் அதைக் கடுமையாக விமர்சிப்பார்கள்.

இன்றைக்குச் சொன்னவர் செல்வரத்தினம் மாஸ்டர். பழைய ருஷ்யக் கதை. பஞ்சம் பிடித்த ஊர். சனங்கள் மரப்பட்டையை இடித்துத் தின்கிற நேரத்தில் ஒருவன் ஒரு மூட்டை கோதுமையோடு வந்து பெண் கேட்கிறான். கொடுத்துவிடுகிறார்கள். பஞ்சம் போய், வயல் விளைந்து, பிள்ளைகளும் பிறந்தபிறகு ஒருநாள் கேட்கிறான்: நீ கட்டினது என்னையா, மூட்டையையா?

அவள் அடுப்பை ஊதுகிறாள். கதை முடிந்தது.

முடிவில்லாத கதையை வட்டம் மன்னிக்காது. கூட்டத்தை நடத்துகிற வித்தியா, கோயம்புத்தூர்க்காரி, தானே தீர்த்துவைக்க முடிவெடுத்தாள்.

"வரிசையா எல்லாரும் சொல்லுங்க. அவனையா, மூட்டையையா?"

மூட்டையைத்தான் என்றார் வரதராஜன். இதிலென்ன யோசிக்கக் கிடக்கு என்றார் செல்வநாயகி. சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே எல்லோரும் ரதிதேவியைப் பார்த்தார்கள்.

பார்க்கத்தானே செய்வார்கள். ஒக்லண்டில் அவளுடைய மாப்பிள்ளை கொண்டுவந்த மூட்டையைத் தெரியாத தமிழர் இல்லை.

இரண்டாயிரத்து ஒன்பது, போரின் கடைசி மாதங்கள், மாத்தளன் கடற்கரை. கஞ்சி வரிசையில் யசீகரன் அவளைக் கண்டான், பெண் கேட்டுப் போனான். அவளுடைய அப்பா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார், அரிசி வைத்திருக்கிறவனுக்குத்தான் பெட்டை என்று. சீதனம் கொடுத்து வந்த பரம்பரையில் மாப்பிள்ளையிடம் மூட்டை கேட்ட முதல் மாமனார் அவர். பசி அவரை அப்படி ஆக்கியிருந்தது.

யசீகரன் மூட்டையைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு போய் அவர்களுடைய கொட்டில் வாசலில் சாய்த்துவிட்டு வந்தான். மாமனார் கையை விட்டுப் பார்த்தார். மணிக்கட்டு வரைக்கும் நல்ல வெள்ளை அரிசி. மறுநாள் விடியத் தாலி கட்டப் போனபோது மூட்டை உள்ளே, அடுப்படியில் இருந்தது. தாலி என்றது மஞ்சள் பூசிய நூல்தான்.

அன்றிரவே ஷெல் வந்தது. எல்லோரும் கையில் அகப்பட்டதோடு ஓடினார்கள். மூட்டை அங்கேயே கிடந்தது.

அதன்பிறகுதான் அது வளரத் தொடங்கியது. முகாமில் மாமனார் சொன்னபோது ஐம்பது கிலோ. கொழும்பில் எழுபத்தைந்து. போன வருடம் மவுண்ட் ரோஸ்கில் வீட்டில் அவர் கண்ணை மூடும்போது நூறு கிலோ சம்பா. அதை விட்டுவிட்டு வந்த கவலையோடுதான் போனார்.

யசீகரன் ஒருநாளும் திருத்தவில்லை. திருத்துவதென்றால் முதலிலிருந்து திருத்தவேண்டும்.

கைக்கடிகாரத்தைக் கொடுத்து அவன் வாங்கியது இரண்டு கிலோ அரிசி. அது மேலே, மூட்டையின் ஒடுங்கிய வாய்ப்பக்கத்தில் கிடந்தது. மணிக்கட்டுக்குக் கீழே கிடந்தது, அந்தக் கடற்கரையில் தட்டுப்பாடில்லாமல் கிடைத்த ஒரே பொருள்.

மணல்.

சனமெல்லாம் சேலையைக் கிழித்துத் தைத்து, அதே மணலை நிரப்பிப் பங்கருக்கு அடுக்கிக்கொண்டிருந்த காலம். ஒரு மூட்டை கூடினது யாருக்குத் தெரியும்? விழுந்த ஷெல்லிலே அந்த ஒன்றுக்கு மட்டும் அவன் வாய்க்குள்ளே நன்றி சொன்னான். அதையும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஆகவே அவனுக்குப் பயம் இரட்டிப்பு. மூட்டையைத்தான் கட்டினேன் என்று அவள் சொல்லிவிட்டால், அவள் கட்டியது மணலை. தன்னைக் கட்டவேயில்லை.

"ரதியக்கா, நீங்க சொல்லுங்க. உங்களுக்குத்தான் அனுபவம்" என்றாள் வித்தியா.

யசீகரனின் கைக்குள் பற்றிஸ் நொறுங்கியது.

ரதிதேவி மடியிலிருந்த பலகாரத் தட்டத்தை மூடிய ஈயத்தாளின் ஓரத்தை நிதானமாக மடித்தாள்.

"மூட்டையை உள்ளுக்கு இழுத்து வைச்சது அந்தப் பெட்டைதானே. இழுத்தவளுக்குத் தெரியாதோ, உள்ளுக்கை கிடக்கிறது என்னெண்டு? தெரிஞ்சுகொண்டுதான் விடியக் கழுத்தை நீட்டியிருப்பாள்."

வித்தியா தாளைப் புரட்டினாள். "அக்கா, கதையில யாரும் மூட்டையை இழுக்கலையே."

"எழுதினவர் ஆம்பிளை. மறந்திருப்பார்."

மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். கேள்வி அடுத்த கதிரைக்குப் போனது. அங்கே என்ன பதில் வந்ததென்று யசீகரனுக்குத் தெரியாது. அவன் மாத்தளனில் ஒரு கொட்டில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் நிலத்தில் ஓர் ஆழமான கோடு. தாலி கட்டப் போன காலையில் அதன்மேல் மிதித்துத்தான் போனான். யார் இழுத்ததென்று இன்றுவரை நினைத்ததில்லை.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. கார் டிக்கியைத் திறந்தான். காலையில் பாபடோயிட்டோய்ப் பக்கத்துக் கடையில் வாங்கிய அரிசி மூட்டை குறுக்கே கிடந்தது. ரதிதேவி தட்டங்களோடு பின்னால் நின்றாள்.

"அதைக் கொஞ்சம் அங்கால வையுங்கோ."

அவன் குனிந்தான். கை மூட்டையின் மேல் நின்றுவிட்டது.

"பயப்பிடாமல் தூக்குங்கோ" என்றாள். "இது அரிசிதான்."