ஆளுக்கு ஒரு கையெழுத்து

குப்பை எரிக்கும் ஆலை எங்கே வர வேண்டும் என்று இப்போதெல்லாம் அரசு மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. எந்தத் தெருவின் ஆன்லைன் எதிர்ப்பு மனுவில் கையெழுத்து மிகக் குறைவோ, ஆலை அங்கே போகும். ஆளுக்கு ஒரு கையெழுத்துதான். அதை எந்தத் தெருவுக்கும் போடலாம்.

எழிலரசி தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுக் கெஞ்சி, தன் தெருவைக் காப்பாற்றிவிட்டாள். முடிவு வந்ததும் வாசலில் வெடி வெடித்தார்கள், ஜிலேபி கொடுத்தார்கள்.

பிசுபிசுத்த விரலோடு போனை எடுத்தாள். தங்கை பவானி.

"அக்கா, ஆலை எங்க தெருவுக்கு வருதாம். பாப்பாவுக்கு ஏற்கெனவே வீசிங்."

"அய்யோ! நீங்க மனு போடலையாடி?"

"போட்டோம். ரெண்டே ரெண்டு கையெழுத்து குறைஞ்சிடுச்சு."

எழிலரசி விரலில் ஒட்டிய ஜிலேபிப் பாகை முந்தானையில் துடைத்தாள்.

"நீ கேட்டேன்னு நானும் அவரும் உங்க தெருவுக்குப் போட்டோமே, அந்த ரெண்டுதான்க்கா."